கோடை உழவிலிருந்து ஸ்வீட் கார்ன் கதிர் வரை: முதல்முறை செய்பவர்களுக்கு

ஊரில் அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ நிலம் இருக்கிறது, இத்தனை வருடம் தரிசாகவோ குத்தகைக்கோ கிடந்தது, இந்தக் கோடையிலிருந்து நாமே எதையாவது விதைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கும் பலரை இப்போது பார்க்கிறேன். முதல் பயிராக நான் சொல்வது ஸ்வீட் கார்ன். எண்பது நாளுக்குள் கையில் கதிர் கிடைத்துவிடும். வீட்டுக் குழந்தைகள் முதல் பாட்டி வரை எல்லோரும் சாப்பிடுவார்கள். செடி நன்றாக இருக்கிறதா, வாடுகிறதா என்பதைப் புதியவர்களின் கண்ணும் எளிதாகக் கண்டுகொள்ளும்.

ஆனால் விதைக்கும் நாளில் தொடங்காதீர்கள். சித்திரையில், கோடை உழவில் தொடங்குங்கள். உழவை ஆள் வைத்து முடித்துவிட்டு ஆடியில் வந்து நிற்பவருக்குத் தன் நிலத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. டிராக்டர் சீட்டில் உட்கார்ந்து ஒருமுறை முழு நிலத்தையும் உழுதவருக்கு எங்கே மண் இளகியது, எங்கே இறுகியது, எங்கே ஈரம் நிற்கிறது என்று எல்லாமே தெரிந்திருக்கும். அந்த அறிவை வைத்துத்தான் ஸ்வீட் கார்னுக்கு இடம் பிடிக்க வேண்டும். அப்புறம் இன்னொன்று: விடியற்காலை வெளிச்சத்தில், பின்னால் கொக்குகள் வரிசையாக வர, மண்வாசனைக்கு நடுவே கலப்பையால் கோடு கீறிச் சால் ஓட்டுவது அவ்வளவு சந்தோஷமான வேலை. அதை வேறொருவருக்கு விட்டுக்கொடுக்காதீர்கள்.

எந்த நாளில் உழுவது

'சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்' என்று கிராமத்தில் சொல்வார்கள். சித்திரையிலும் வைகாசியிலும் மண்ணைப் புரட்டிப் போட்டு வெயிலில் காயவிட்டால், கோரைக் கிழங்கும் அருகம்புல் வேரும் மேலே வந்து காய்ந்து சாகின்றன. மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடக்கும் பூச்சிகள் வெளியே வந்து பறவைகளுக்கு இரையாகின்றன. அடுத்து வரும் மழை வழிந்தோடாமல் உள்ளே இறங்குகிறது. மே 4 வாக்கில் தொடங்கும் கத்திரி வெயிலுக்கு முன்பே முதல் உழவு முடிந்துவிட்டால் அந்த வெயில் முழுக்க நமக்காக வேலை செய்யும்.

இதற்கு ஒரு கோடை மழை வேண்டும். மழை பெய்த மறுநாளே வண்டியை இறக்காதீர்கள். ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடியுங்கள். உருண்டையே பிடிக்க வரவில்லை என்றால் மண் காய்ந்துவிட்டது, இன்னொரு மழைக்குக் காத்திருக்கலாம். உருண்டை பிடித்து இடுப்பளவு உயரத்திலிருந்து போட்டதும் உதிர்ந்தால் பதம் சரி. சப்பென்று ஒட்டிக்கொண்டால் இன்னும் ஈரம் அதிகம். செம்மண் இரண்டு மூன்று நாளில் பதத்துக்கு வந்துவிடும், கரிசல் கூடுதலாக நாள் எடுக்கும். ஈரம் மிகுந்த கரிசலில் டிராக்டரை இறக்கினால் சக்கரம் போன தடம் கல்லாக இறுகிவிடும். அந்தத் தடத்தில் நிற்கும் செடிகள் அந்த வருடம் முழுக்கக் குட்டையாகவே நிற்கும்.

வண்டியும் கலப்பையும்

ஒரு ஏக்கர் அளவுக்குச் சொந்த டிராக்டர் தேவையில்லை. ஊரிலேயே வாடகைக்கு ஓட்டுபவர்கள் இருப்பார்கள். வேளாண்மைப் பொறியியல் துறையும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறது, உழவன் செயலியில் பதிவு செய்யலாம். ஆனால் துறையின் வண்டி அதன் ஓட்டுநரோடுதான் வரும். நீங்களே ஓட்டிப் பழக வேண்டும் என்றால் உறவினரோ பக்கத்துத் தோட்டக்காரரோ மனதுவைத்து உதவ வேண்டும். மகிந்திரா 475, மாசி ஃபெர்குசன் 241, ஸ்வராஜ் 735 போன்ற 40 குதிரைத்திறன் அளவுள்ள வண்டிகள்தான் நம் ஊர்களில் அதிகம். பழகவும் அவை நல்லவை. தென்னைக்கு நடுவிலோ வீட்டை ஒட்டிய சிறு துண்டிலோ உழ வேண்டும் என்றால் 24 குதிரைத்திறன் மினி டிராக்டர் போதும்.

கலப்பை விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். முதல் கோடை உழவுக்குச் சட்டிக் கலப்பை அல்லது 5 கொத்துக் கலப்பை. இவை 20 முதல் 25 செ.மீ. ஆழம் வரை போய் மண்ணைப் பெரிய கட்டிகளாகப் புரட்டிப் போடும். அந்தக் கட்டிகளைப் பார்த்து 'இன்னும் நன்றாக உடைக்கலாமே' என்று, சுழலும் கத்திகளால் மண்ணைத் தூளாக்கும் ரோட்டவேட்டரைக் கேட்கத் தோன்றும். வேண்டாம். கோடையில் மண்ணை மாவாக்கினால் காற்றில் பறக்கும், அடுத்த மழையில் மேலே பொருக்குத் தட்டிவிடும். கட்டி கட்டியாகக் கிடப்பதுதான் கோடை உழவின் அழகு. ரோட்டவேட்டரின் முறை விதைப்புக்கு முன்னால், ஒரே ஒரு தடவை.

பல வருடங்கள் ஒரே ஆழத்தில் 9 கொத்துக் கலப்பையும் ரோட்டவேட்டரும் மட்டுமே ஓடிய நிலத்தில் ஒரு சாணுக்குக் கீழே இறுகிய அடுக்கு உருவாகியிருக்கும். கடப்பாரையை இறக்கிப் பாருங்கள். சட்டென்று நின்று 'டக்' என்றால் அந்த அடுக்கு இருக்கிறது. அதை உடைக்க உளிக் கலப்பை வேண்டும். அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக, மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஓட்டினால் போதும்.

ஏறும் முன்பு

கோடையில் புழுதிதான் எஞ்சினுக்கு எதிரி. தினமும் காலையில் ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள். ஆயில் வைத்த பழைய வகை என்றால் கிண்ணத்தில் சேறு படிந்திருக்கும், கழுவி ஆயில் மாற்ற வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள வலையில் சருகும் தூசியும் அடைத்திருந்தால் தட்டிவிடுங்கள். தண்ணீர் அளவை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் பார்க்க வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். வண்டி சமதளத்தில் நிற்கும்போது எஞ்சின் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். கலப்பையின் போல்ட்டுகளையும் இரண்டு பக்க லிங்க் பின்களையும் கையால் ஆட்டிப் பாருங்கள்.

வண்டியைப் பார்த்த பிறகு நிலத்தையும் நடந்து பாருங்கள். கிணறு, போர் குழாய், மண்ணுக்குள் போகும் பிவிசி பைப், சொட்டுநீர் வால்வு, தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி, பழைய வேலிக்கல் என எல்லா இடத்திலும் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றிலிருந்து குறைந்தது 15 அடி தள்ளித்தான் வண்டி திரும்ப வேண்டும். கிணற்றோரத்து மண் உள்ளுக்குள் அரித்திருக்கும், டிராக்டர் எடையைத் தாங்காது. அந்தப் பதினைந்து அடியை மண்வெட்டியால் கொத்திக்கொள்ளலாம்.

ஓட்டப் பழகுவது

முதல் நாள் கலப்பையைத் தூக்கி வைத்துக்கொண்டு வெறும் நிலத்தில் ஓட்டுங்கள். சொல்லித் தருபவர் மட்கார்டில் உட்காரக் கூடாது. ஓட்டுநரைத் தவிர யாரும் டிராக்டரில் ஏறக் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம், குழந்தைகள் ஆசைப்பட்டுக் கேட்டாலும் சரி. லோ முதல் கியரில் வண்டி மனிதன் நடக்கும் வேகத்தைவிடக் குறைவாகத்தான் போகும். சொல்லித் தருபவர் பக்கவாட்டில் சற்றுத் தள்ளி நடந்தபடியே சொல்லலாம்.

கார் ஓட்டியவர்களுக்கு மூன்று விஷயங்கள் புதிது. முதலாவது, பிரேக் இரண்டு: இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று. வயலில் குறுகலாகத் திரும்பும்போது திரும்பும் பக்கத்துப் பிரேக்கை மட்டும் லேசாக மிதித்தால் வண்டி அந்த இடத்திலேயே வளையும். சாலைக்கு ஏறும்போது இரண்டையும் இணைக்கும் கொக்கியைக் கட்டாயம் போட்டுவிட வேண்டும். வேகத்தில் ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி கவிழும். இரண்டாவது, கையால் நகர்த்தும் ஆக்சிலேட்டர். உழும்போது அதை ஓர் இடத்தில் நிறுத்திவிட்டால் எஞ்சின் சீராக ஓடும், காலுக்கு வேலை இல்லை. மூன்றாவது ஹைட்ராலிக் லிவர்கள். ஒன்று கலப்பையைத் தூக்கி இறக்கும். இன்னொன்று, மண் இறுகி இழுவை கூடும்போது கலப்பை தானாகக் கொஞ்சம் மேலே வரும்படி பார்த்துக்கொள்ளும். உழவுக்கு இந்த இரண்டாவது லிவர்தான் முக்கியம். பலர் இதைத் தொடுவதே இல்லை.

கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டாதீர்கள், தட்டு தேய்ந்துவிடும். சேற்றில் சக்கரம் சுற்றினால் ஆக்சிலேட்டரைக் கூட்டாமல் கலப்பையைத் தூக்கி, பின்னோக்கி எடுங்கள். வேறு வண்டி வைத்து இழுக்க நேர்ந்தால் சங்கிலியைக் கீழே உள்ள இழுவைக் கொக்கியில் மட்டும் மாட்ட வேண்டும். கலப்பையை மேல் பக்கம் பிடிக்கும் டாப் லிங்கில் மாட்டி இழுத்தால் முன்பக்கம் தூக்கிப் பின்னால் மல்லாந்துவிடும். ரோட்டவேட்டர் ஓட்டும் நாளில் வேட்டி, தொங்கும் துண்டு எதுவும் வேண்டாம். எஞ்சினிலிருந்து கருவியைச் சுழற்றும் பிடிஓ தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும், துணி நுனி சிக்கினாலே போதும், ஆளை இழுத்துவிடும். எஞ்சினை நிறுத்தாமல் கருவிக்குப் பக்கத்தில் போகவே கூடாது.

விடிந்ததும் ஆரம்பித்து ஒன்பது மணிக்குள் நிறுத்துங்கள். மிச்சத்தை மாலை வெயில் தாழ்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். மூக்கையும் வாயையும் ஈரத்துண்டால் கட்டிக்கொள்ளுங்கள், காதில் பஞ்சு வையுங்கள். வண்டியில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். இறங்கியதும் ஒரு சொம்பு மோரோ கம்பங்கூழோ குடித்தால் உடம்பு அடங்கும்.

சால் ஓட்டும்போது என்ன பார்ப்பது

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். நிலம் சரிவாக இருந்தால் சரிவுக்குக் குறுக்காக உழ வேண்டும். அப்போது ஒவ்வொரு சாலும் ஒரு சிறு வரப்பாக நின்று மழைநீரைப் பிடிக்கும். இரண்டு முனையிலும் வண்டி திரும்புவதற்கு 20 அடி விட்டுவிட்டு, கடைசியில் அந்த ஓரங்களைத் தனியாக உழுதுகொள்ளலாம். முதல் சால் நேராக வர, எதிர் வரப்பில் ஒரு பனையையோ கம்பத்தையோ குறி வைத்து அதையே பார்த்து ஓட்டுங்கள். முன் சக்கரத்தைப் பார்த்து ஓட்டினால் சால் வளைந்து வளைந்து போகும். திரும்பும் முன் கலப்பையைத் தூக்க மறக்காதீர்கள்.

மணிக்கு நாலைந்து கிலோமீட்டர் வேகம் போதும். இப்போது எஞ்சின் சத்தத்தைக் கேளுங்கள். சீராகப் போய்க்கொண்டிருந்த சத்தம் ஓரிடத்தில் கனத்து இறங்கினால் அங்கே மண் இறுகியிருக்கிறது. சத்தம் திடீரென்று இலகுவானால் அங்கே மணலோ பழைய எருக்குழியோ இருக்கலாம். திரும்பிப் பார்த்தால் புரண்ட மண்ணின் நிறமும் இடத்துக்கு இடம் மாறும். ஒரு மூலையில் கறுத்து, பொலபொலவென்று, மண்புழுவோடு வரும். இன்னொரு பக்கம் வெளுத்துச் சுக்கான் கல்லாக வரும். ஒரு பள்ளத்தில் மட்டும் கட்டி ஈரமாகப் பளபளக்கும், அங்கே மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் என்று அர்த்தம். எந்த இடத்தில் கொக்கும் மைனாவும் கரிச்சானும் அதிகமாக இறங்குகின்றன என்றும் கவனியுங்கள், அங்கே மண்ணில் உயிர் அதிகம்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் நிலத்தை வரைந்து இதையெல்லாம் குறித்து வைத்துவிடுங்கள். ஸ்வீட் கார்னுக்கு வேண்டியது அந்தக் கறுத்த, பொலபொலத்த மூலை. தண்ணீர் தேங்கும் பள்ளம் அதற்கு ஆகவே ஆகாது. முளைத்து முதல் மூன்று வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் நின்றாலே இளஞ்செடி மஞ்சளாகிவிடும்.

உழுது முடித்த நிலத்தை அப்படியே மூன்று நான்கு வாரம் விடுங்கள். அடுத்த மழை வந்ததும் 9 கொத்துக் கலப்பையில், முதல் உழவுக்குக் குறுக்காக ஒரு தடவை. புதிதாக முளைத்திருக்கும் களையெல்லாம் அதில் போய்விடும். தண்ணீர் வசதி இருந்தால் வைகாசியில் சணப்பு விதைத்து, பூக்கும் நேரத்தில் மடக்கி உழலாம். மடக்கிய பிறகு மக்குவதற்கு இரண்டு வாரமாவது விட்டு விதையுங்கள்.

என்ன விதை, எங்கே

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் வீரிய ஒட்டு விதைகள். சுகர் 75 பல இடங்களில் கிடைக்கும், மிக இனிப்பு வகை. அதன் விதையை எடுத்து அடுத்த முறை விதைக்க முடியாது, ஒவ்வொரு தடவையும் புதிதாக வாங்க வேண்டும். விதை எடுத்து வைத்துக்கொள்ள ஆசை இருந்தால் ஹைதராபாத்தில் உருவான மாதுரி, பிரியா ரகங்களைத் தேடிப் பாருங்கள். பாக்கெட்டைப் பிரித்ததும் விதை சுருங்கி, எடையே இல்லாமல் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மாவுச்சத்துக்குப் பதில் சர்க்கரையைச் சேர்த்து வைக்கும் விதை காய்ந்தால் அப்படித்தான் சுருங்கும். சேமிப்பு குறைவு என்பதால் முளைக்கும்போது கொஞ்சம் பலவீனமாக இருக்கும். அதனால்தான் மண் நன்றாகத் தயாராகியிருக்க வேண்டும் என்கிறேன்.

நம் ஊரில் புதியவர்கள் எளிதில் தவறவிடும் விஷயம் பக்கத்துக் காட்டு மக்காச்சோளம். கோழித் தீவனத்துக்காகப் பெரம்பலூர், திண்டுக்கல், திருப்பூர், சேலம், விருதுநகர் பக்கமெல்லாம் மக்காச்சோளம் பரந்து கிடக்கிறது. அந்த மகரந்தம் காற்றில் வந்து உங்கள் கதிரில் விழுந்தால் அந்த மணிகள் அந்த வருடமே இனிப்பில்லாமல் மாவாகிவிடும். செடியில் தப்பே இருக்காது, கடித்தால் தீவனச் சோளமாக இருக்கும். குறைந்தது 250 மீட்டர் தள்ளியிருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். அவ்வளவு தூரம் கிடைக்காவிட்டால் நாளால் விலக்குங்கள்: அவர்கள் விதைத்ததற்கும் நீங்கள் விதைப்பதற்கும் மூன்று வாரம் இடைவெளி இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பூக்காது. புரட்டாசி மழையை நம்பி மானாவாரியாக மக்காச்சோளம் போடும் கரிசல் ஊர்களில் ஆடியில் விதைத்துவிட்டாலே இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் கொங்குப் பக்கம் ஆடி, ஆவணியில் மகரந்தம் மேற்கிலிருந்துதான் வரும், அதனால் மேற்குப் பக்கத்துக் காட்டுக்காரரிடம் முதலில் பேசுங்கள்.

ஆடியில் விதைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பூக்கும் நேரத்தில் வெயில் 38 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கருகிக் கதிரில் மணி பிடிக்காது. சித்திரையில் உழுதவுடனே விதைத்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

விதைப்பு

வீட்டுத் தேவைக்கு ஒரு சென்ட் தாராளம். அறுபது செ.மீ. இடைவெளியில் பார் (மண்ணைக் கூட்டிய நீள மேடு) பிடித்து, பாரின் பக்கவாட்டில் 25 செ.மீ.க்கு ஒரு விதை என்று ஊன்றினால் ஒரு சென்ட்டில் சுமார் 270 செடி நிற்கும். ஒரு செடிக்கு நல்ல கதிர் ஒன்று, சில செடிகளில் இரண்டு. ஒரே நாளில் 270 கதிர் முற்றினால் வீட்டில் என்ன செய்வது? சென்ட்டை மூன்று பாத்தியாகப் பிரித்துப் பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாக விதையுங்கள். கிட்டத்தட்ட ஒரு மாதம் விட்டுவிட்டுக் கதிர் வந்துகொண்டிருக்கும்.

விதைப்பதற்கு முன் மக்கிய தொழுவுரம் ஒரு சென்ட்டுக்கு 50 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு ஒரு கிலோ பரப்பி, ரோட்டவேட்டர் ஒரு தடவை ஓட்டிவிட்டுப் பார் பிடியுங்கள். மக்காச்சோள இனத்துக்குத் துத்தநாகக் குறை சீக்கிரம் வரும், இளம் இலையில் வெள்ளைக் கோடு விழும். ஏக்கருக்கு 10 கிலோ கணக்கில், ஒரு சென்ட்டுக்கு 100 கிராம் துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தூவிவிட்டால் போதும்.

விதையை 2 முதல் 3 செ.மீ. ஆழத்துக்கு மேல் புதைக்காதீர்கள். முளைப்புக்குக் கொடுக்கும் உயிர்த்தண்ணீர் மூன்றாம் நாள். நாலைந்து நாளில் முளை தெரியும். அப்போதுதான் மயிலும் அணிலும் வரும். முளையைப் பிடுங்கி அடியில் உள்ள விதையைத் தின்றுவிடும். முதல் பத்து நாள் பாத்தியைச் சுற்றிப் பழைய சேலையைக் கட்டி, மேலே நைலான் கயிறு குறுக்கும் நெடுக்குமாக இழுத்துவிடுங்கள்.

விதைக்கும் வடிவம் ரொம்ப முக்கியம். ஒரே நீள வரிசையாக வரப்போரம் விதைத்தால் கதிர் பாதி சொட்டையாக வரும். சதுரமாக, குறைந்தது நான்கு வரிசையாவது பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஏன் என்பது கீழே வருகிறது. மொட்டை மாடியில் வளர்ப்பவர்களும் பைகளை ஓரமாக அடுக்காமல் நாலுக்கு நாலு என்று நெருக்கிச் சதுரமாக வையுங்கள். பை ஒன்றரை அடி அகலமாவது இருக்கட்டும், காற்றுக்குச் சாயாமல் கயிறு கட்ட வேண்டியிருக்கும்.

வளரும் நாட்கள்

இருபத்தைந்தாம் நாள் வாக்கில் களை எடுத்து, கொஞ்சம் யூரியா வைத்து, செடியின் அடியில் மண்ணைக் கூட்டி அணைக்க வேண்டும். இயற்கை முறையில் செய்பவர்கள் அந்த இடத்தில் மண்புழு உரமும், சாணம், கோமியம், வெல்லம் கலந்த அமுதக்கரைசலும் கொடுக்கலாம். தழைச்சத்து குறைந்தால் அடியிலை நுனியிலிருந்து நடுவாக மஞ்சளாகும், அதைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். மண் அணைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆடிக் காற்றில் அணைக்காத பாத்தி ஒரே ராத்திரியில் படுத்துவிடும். அணைத்த மண்ணில்தான் செடியின் அடிக்கணுவிலிருந்து விழுதுபோல் வேர் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். பக்கத் தூர்களை ஒடிக்க வேண்டிய அவசியம் இல்லை.

தண்ணீர் செம்மண்ணில் நாலைந்து நாளுக்கு ஒருமுறை, கரிசலில் ஒரு வாரத்துக்கு ஒருமுறை. பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து மணி பால் பிடிக்கும் வரை மட்டும் ஒரு தண்ணீர்கூடத் தவறக் கூடாது.

பூச்சியில் பெரிய தொல்லை படைப்புழு. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி, 2018இல்தான் இந்தியாவில் கண்டுபிடிக்கப்பட்டது, அதே வருடம் தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. குருத்துக்குள் புகுந்து தின்னும். இலையில் வரிசையாக ஓட்டையும் குருத்தில் மரத்தூள் மாதிரிக் கழிவும் தெரிந்தால் அதுதான். புழுவின் தலையில் தலைகீழான ஒய் வடிவக் கோடும், வால் பக்கம் சதுரமாக நான்கு புள்ளியும் இருக்கும். இது மண்ணுக்குள் சில செ.மீ. ஆழத்தில்தான் கூட்டுப்புழுவாகிறது. கோடை உழவில் கொக்கு பொறுக்கியதில் இதுவும் இருந்திருக்கலாம்.

ஒரு சென்ட்டுக்கு மருந்து அடிக்கும் இயந்திரம் தேவையே இல்லை. முளைத்த பத்தாம் நாளிலிருந்து தினமும் காலை ஒரு சுற்று நடந்து, இலையில் பஞ்சு போர்த்தியது மாதிரி இருக்கும் முட்டைக் குவியலை விரலால் நசுக்குங்கள். ஒரு குவியலில் நூற்றுக்கு மேல் முட்டை இருக்கும் என்பதால் அந்த ஒரு நசுக்கல் பெரிய வேலை. குருத்துக்குள் புழு போய்விட்டால் உலர்ந்த மணலில் பத்தில் ஒரு பங்கு சுண்ணாம்புத் தூள் கலந்து ஒரு சிட்டிகை குருத்தில் போடுங்கள். வேம்பு மருந்து 1500 பிபிஎம், லிட்டருக்கு 5 மி.லி. கலந்து குருத்து நனையும்படி மாலையில் தெளிக்கலாம். பச்சையாகக் கடித்துத் தின்னும் பொருள் என்பதால் கதிர் வந்த பிறகு ரசாயன மருந்து வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மகரந்தம் விழும் ஒரு வாரம்

நாற்பத்தைந்து, ஐம்பது நாளில் உச்சியில் ஆண் பூ விரியும். ஒன்றிரண்டு நாள் கழித்து, நடுத்தண்டில் இருக்கும் கதிரின் நுனியில் இளம்பச்சைப் பட்டு முடி வெளியே வரும். ஒவ்வொரு முடியும் உள்ளே இருக்கும் ஒவ்வொரு மணிக்குப் போகிறது. எந்த முடியில் மகரந்தம் விழவில்லையோ அந்த மணி உருவாகாது. சொட்டைக் கதிருக்குக் காரணம் இதுதான், சதுரமாக விதைக்கச் சொன்னதற்கும் இதுதான். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் நடுவில் இன்னொரு செடி இருக்க வேண்டும்.

சிறிய பாத்தியில் நாமும் கொஞ்சம் உதவலாம். காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள், பனி காய்ந்த பிறகு, ஒவ்வொரு செடியையும் மெல்ல ஆட்டுங்கள், மஞ்சள் தூள் உதிர்வது வெயிலில் தெரியும். மாடியில் பத்துப் பதினைந்து செடி மட்டும் இருந்தால் ஆண் பூவை ஒரு காகிதப் பைக்குள் விட்டுத் தட்டி, சேர்ந்த தூளைப் பட்டு முடிமேல் தூவுங்கள். ஐந்தாறு நாள் இதைச் செய்தால் கதிர் நுனி வரை மணி பிடிக்கும். பிடித்த கதிரை உரித்து எண்ணிப் பாருங்கள், மணி வரிசைகள் எப்போதும் இரட்டைப்படையாகத்தான் இருக்கும்: பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு.

மணி பிடித்ததும் கிளி வந்துவிடும். கதிருக்கு ஒரு காகித உறையை மாட்டி நூலால் கட்டுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

பறிப்பது, சாப்பிடுவது

பட்டு முடி வெளிவந்து 18 முதல் 22 நாளில் கதிர் தயார். முடி முழுக்கப் பழுப்பாகக் காய்ந்திருக்க வேண்டும், மேல் மட்டை பச்சையாகவே இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் நுனியில் மட்டையை லேசாக விலக்கி ஒரு மணியை நகத்தால் கிள்ளுங்கள். தண்ணீராக வந்தால் இன்னும் இரண்டு மூன்று நாள், பாலாக வந்தால் இன்றே, பசையாக வந்தால் தாமதமாகிவிட்டது. நம் வெயிலில் இந்தப் பால் பருவம் நாலைந்து நாள்தான் நிற்கும், அந்த வாரம் ஊருக்குப் போகும் திட்டம் வைத்துக்கொள்ளாதீர்கள். கதிரைக் கீழ்நோக்கி வளைத்து ஒரு திருகு திருகினால் கையோடு வரும்.

விடியற்காலையில் பறியுங்கள். பறித்த நொடியிலிருந்து சர்க்கரை குறைய ஆரம்பிக்கிறது. சாதாரண இனிப்பு ரகங்களில் 30 டிகிரி வெப்பத்தில் ஒரே நாளில் பாதி இனிப்பு போய்விடும், மிக இனிப்பு ரகங்கள் இன்னும் கொஞ்சம் தாங்கும். பறித்ததை மட்டை உரிக்காமல் ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் சில நாள் இருக்கும். ஆனால் காலையில் பறித்து, அரை மணி நேரத்துக்குள் கொதிக்கும் நீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்த கதிரின் ருசி எந்தக் கடையிலும் கிடைக்காது. வேகும் தண்ணீரில் உப்புப் போட வேண்டாம், எடுத்த பிறகு தடவிக்கொள்ளலாம். கரி அடுப்பில் மட்டையோடு சுட்டு, எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தேய்த்துச் சாப்பிடுவதும் அருமை. முதல் கதிரை மட்டும் செடிப் பக்கத்திலேயே நின்று பச்சையாகக் கடித்துப் பாருங்கள்.

கதிர் எடுத்த தட்டையை நிற்கவிட்டுக் காயவைக்காதீர்கள். அது பச்சையாக இருக்கும்போதே வெட்டினால் மாட்டுக்கு நல்ல தீவனம், மாடு வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் சந்தோஷமாக வந்து அறுத்துக்கொள்வார். மிச்சமிருக்கும் அடிக்கட்டையை 9 கொத்துக் கலப்பையில் ஒருமுறை உழுதுவிட்டு, அதே பாத்தியில் ஐப்பசி மழைக்கு உளுந்தோ தட்டைப்பயறோ விதையுங்கள். அடுத்த ஸ்வீட் கார்னை வேறு பாத்திக்கு மாற்றிக்கொள்ளுங்கள், நீங்கள் வரைந்து வைத்த தாளில் அடுத்த நல்ல இடம் எது என்று குறித்திருக்கும்.